பன்னிரண்டாம் சீட்டில் தொங்குபவன் யார்?

டாரட் சீட்டுக்கட்டில் பன்னிரண்டாம் எண் கொண்ட சீட்டை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. இலை துளிர்த்த மரத்தில் ஓர் இளைஞன் ஒற்றைக் காலால் தலைகீழாகத் தொங்குகிறான். நீலச் சட்டை, சிவப்புக் கால்சராய், மஞ்சள் காலணி. கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன. கட்டப்படாத கால் மடங்கி, கட்டிய காலுக்குக் குறுக்கே கிடக்கிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் வலியின் சாயல்கூட இல்லை. இந்தச் சீட்டு வந்தால் குறி சொல்பவர்கள் தியாகம் என்பார்கள், காத்திருக்கச் சொல்வார்கள், உலகத்தை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள் என்பார்கள். பயப்படும்படி ஒன்றுமில்லை, நல்ல சீட்டுதான் என்ற ஆறுதலும் கூடவே வரும்.

எனக்கு உறுத்தியது அந்தக் கயிறு. தூக்கு என்றால் சுருக்கு கழுத்தில் விழ வேண்டும். கணுக்காலில் கட்டித் தொங்கவிடுவது எந்த ஊர் வழக்கம், யாருக்கு, எந்தக் குற்றத்துக்கு? ஒளிவட்டமும் இலைகளும் பிற்காலத்தில் வந்து ஒட்டியிருக்கலாம். கணுக்கால் முடிச்சு அப்படி வந்ததாகத் தெரியவில்லை. பெரிய நூலகங்கள் பலவும் பழஞ்சீட்டுகளையும் நூல்களையும் படமெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டதால், இப்படியொரு வழக்கை மேசையை விட்டு எழாமலே விசாரிக்க முடிகிறது. நமக்கு அண்மையில் இருக்கும் சாட்சியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனேன்.

இன்று உலகெங்கும் விற்கும் படம் 1909இல் லண்டனில் உருவானது. ரகசிய ஞான மரபுகளில் ஊறிய ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். ரைடர் நிறுவனம் வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் பமீலா, நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். எண்பது சித்திரங்கள் கொண்ட பெரிய வேலையொன்றை முடித்துவிட்டதாகவும் அதற்குக் கிடைத்த காசு மிகச் சொற்பம் என்றும் அதில் சொல்கிறார். டாரட் தொடர்பான காகிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஞானம் பேசுகிறவர்கள் நிறைந்த கூட்டத்தில் ஒருவராவது கூலியைப் பற்றிப் பேசியிருக்கிறாரே!

சீட்டுகளுக்கு விளக்கமாக வெயிட் ஒரு நூலும் எழுதினார். தொங்குபவனின் முகத்தில் இருப்பது துன்பம் அல்ல, ஆழ்ந்த லயிப்பு என்கிறார். மரம் பட்டுப்போன கட்டையாக இல்லாமல் உயிருள்ள மரமாக இருப்பதையும் கவனிக்கச் சொல்கிறார். தனக்கு முன்னால் வந்த விளக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தெய்வத்துக்கும் பிரபஞ்சத்துக்கும் உள்ள உறவின் ஒரு முகம் இது என்று முடிக்கிறார். இப்படிச் சொன்னால் எதையும் சொன்னதாக ஆகிவிடும் என்பதால், சாட்சியாக அவரை நான் பெரிதாக மதிக்கவில்லை. ஆனாலும் ஓர் உதவி செய்திருக்கிறார். அவர் தள்ளிவிட்ட விளக்கங்களின் பட்டியல் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது: உயிர்த்தியாகி, ரசவாதிகளின் மகத்தான செயல், கடமை, விவேகம். முதல் மூன்றும் எப்படி வந்தன என்று ஊகிக்க முடிகிறது. தலைகீழாகத் தொங்குகிறவனை விவேகத்தின் உருவம் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

அந்தக் கேள்வி 1781ஆம் ஆண்டுப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. அந்துவான் கூர் த ஜெபெலின் என்ற அறிஞர், ஆதி உலகத்தை ஆராய்வதாகச் சொல்லித் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தார். எட்டாம் தொகுதியில் டாரட் வருகிறது. ஒரு சீமாட்டியின் வீட்டில் சிலர் இந்தச் சீட்டை விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். கால்மணி நேரத்துக்குள் முழுக்கட்டையும் புரட்டி, இது எரிந்து அழியாமல் தப்பிய எகிப்திய ஞான நூல் என்று அறிவித்துவிட்டாராம். இதை அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். ஜெபெலின் இறந்தது 1784இல்.

பன்னிரண்டாம் சீட்டில் அவர் செய்த காரியம் சுவையானது. ஐரோப்பியர் தலையாய அறங்களாக எண்ணுவது நான்கு: நீதி, வலிமை, மிதம், விவேகம். சீட்டுக்கட்டில் முதல் மூன்றும் உண்டு, நான்காவது இல்லை. எங்கே போயிருக்கும் என்று தேடியவர், தொங்குகிறவனைத் திருப்பிப் பார்த்தார். ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசித்து நிற்கும் மனிதனாக அவன் தெரிந்தான். இதோ விவேகம்! விவரம் தெரியாத ஏதோ ஒரு சீட்டுக்காரன் படத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டான் என்று தீர்ப்பும் எழுதினார். அவர் நூலில் இணைத்த சித்திரத்தில் அந்த மனிதன் நிமிர்ந்தே நிற்கிறான். இதன் வழி வந்த எத்தெய்யா, பாரிஸில் சீட்டுக்குறி சொல்வதைத் தொழிலாக நடத்தியவர். அலியெத் என்ற தன் குடும்பப் பெயரையே திருப்பி எழுதி வைத்துக்கொண்டவர். அவர் 1789இல் வெளியிட்ட கட்டில் பன்னிரண்டாம் இடத்தில், காலடியில் பாம்போடு ஒரு பெண் நிற்கிறாள். தொங்கியவன் ஆளே இல்லை.

ஜெபெலினுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1650ஐ ஒட்டிப் பாரிஸில் ழாக் வியேவில் அச்சிட்ட கட்டில் எண்ணை மேலே வைத்துப் பிடித்தால், இந்த மனிதன் ஒற்றைக் காலில் நிற்பதாகத்தான் தெரிகிறது. படத்தின் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்ற குழப்பம் அச்சகங்களிலேயே இருந்திருக்கிறது. பிரான்ஸில் பலருக்கு இந்த உருவம் என்னவென்றே புரியாமல் போயிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் எனக்குக் கிடைக்கவில்லை. மர்சேய் பாணிச் சீட்டுகளில் அவன் மீண்டும் தலைகீழாகத் தொங்குகிறான். கீழே 'தொங்குபவன்' என்று பெயர் இருக்கிறது. ஏன் தொங்குகிறான் என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை.

எனவே பிரான்ஸைக் கடந்து இத்தாலிக்குப் போயாக வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பொய்த்தடம் உண்டு. பிரெஞ்சு தேசிய நூலகத்தில் பொன்வண்ணம் தீட்டிய பதினேழு பழஞ்சீட்டுகள் இருக்கின்றன. ஆறாம் சார்லஸ் மன்னர் கட்டு என்று நெடுங்காலமாகப் பெயர். 1392ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், ழாக்மேன் கிரங்கோனேர் என்ற ஓவியர் மன்னருக்கு மூன்று சீட்டுக்கட்டு தீட்டிக் கொடுத்ததற்குப் பணம் தந்ததாக ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவையும் இந்தச் சீட்டுகளையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட, உலகின் பழமையான டாரட் இதுதான் என்று கதை பரவியது. உண்மையில் இவை 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய வேலை. ஃபிளாரன்ஸ் நகரில் செய்தவை என்று பலரும் கருதுகிறார்கள். மன்னர் கதை போனால் போகட்டும். அந்தப் பதினேழில் நம் ஆளும் இருக்கிறான், ஒற்றைக் காலில், தலைகீழாக. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு பை. காசுப்பை.

பிடிபட்டான் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். தலைகீழாகத் தொங்கும்போதும் காசுப்பையை விடாதவன் தியாகியாக இருக்க முடியாது. கிறிஸ்தவ ஓவியங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கையில் காசுப்பை என்றால் யூதாஸ், முப்பது வெள்ளிக்காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்தவன். இத்தாலியப் பட்டியல்களில் இந்தச் சீட்டுக்கு என்ன பெயர் என்று பார்த்தேன். சூதாட்டத்தைக் கண்டித்து 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு துறவி ஆற்றிய பிரசங்கத்தில் கட்டின் இருபத்திரண்டு துருப்புச் சீட்டுகளும் வரிசையாகக் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ராபர்ட் ஸ்டீல் என்ற ஆங்கில ஆய்வாளர் 1900இல் அதை வெளியிட்டார். அதில் பன்னிரண்டாவது 'தூக்கிலிடப்பட்டவன்'. பொலோன்யா நகரத்து ஆட்டக்காரர்கள் இதே சீட்டை அழைத்த பெயர் 'துரோகி'.

துரோகிக்கும் கணுக்காலுக்கும் என்ன தொடர்பு என்பதற்கான விடை சீட்டுகளில் இல்லை. அது சுவர்களில் இருந்தது. இத்தாலிய நகரங்களில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு தண்டனை வழக்கத்தில் இருந்தது. காட்டிக்கொடுத்தவன், கடன் வாங்கி ஏமாற்றியவன், கள்ளப் பத்திரம் எழுதியவன் போன்றோர் ஊரை விட்டு ஓடிவிட்டால், ஆளைத் தண்டிக்க வழியில்லை. நகர நிர்வாகம் ஓவியரை அழைத்து, அரசுக் கட்டடத்தின் வெளிச்சுவரில், சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில், அவன் உருவத்தைத் தீட்டச் சொல்லும். பெரும்பாலும் தலைகீழாக, காலில் கயிறு கட்டித் தொங்குவதாக. கீழே பெயரும் குற்றமும். உருவம் அந்த ஆளை ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டனைக்கு அர்த்தமில்லை. கெரார்தோ ஓர்தாலி 1979இலும் சாமுவேல் எட்ஜர்ட்டன் 1985இலும் எழுதிய நூல்கள் இந்த அவமான ஓவியங்களின் கதையை விரிவாகச் சொல்கின்றன. கழுத்துச் சுருக்கு உயிரை எடுக்கிற தண்டனை, கால் சுருக்கு மானத்தை எடுக்கிற தண்டனை.

ஃபிளாரன்ஸில் நடந்தவை நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. 1440 ஜூன் 29ஆம் தேதி ஆங்கியாரி ஊருக்கு வெளியே ஃபிளாரன்ஸ் படை மிலான் படையைத் தோற்கடித்தது. நகரத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட அல்பிட்சி குடும்பத்தாரும் அவர்கள் கூட்டாளிகளும் மிலான் பக்கம் நின்றிருந்தார்கள். அவர்களைக் காலில் கட்டித் தொங்குகிறவர்களாக நீதிமன்ற அரண்மனைச் சுவரில் தீட்டும் வேலை இளம் ஓவியர் அந்திரேயா தெல் கஸ்தான்யோவுக்கு வந்தது. தீட்டினார். 'தூக்கில் தொங்குபவர்களின் அந்திரேயா' என்ற பட்டப்பெயர் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. 1478இல் நகரத்தைத் தங்கள் பிடியில் வைத்திருந்த மெதிச்சி சகோதரர்களைப் பேராலயத்திலேயே கொல்லத் துணிந்த பாட்சி சதிகாரர்களைத் தீட்டியவர் போத்திச்செல்லி. கூலி நாற்பது ஃபிளோரின். 1494இல் மெதிச்சிகள் துரத்தப்பட்டதும் அந்த ஓவியம் அழிக்கப்பட்டது.

மூன்றாவது சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1529–30இல் ஃபிளாரன்ஸ் முற்றுகையிடப்பட்டபோது, சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஓடிய படைத்தலைவர்களைத் தீட்டும் பணி அந்திரேயா தெல் சார்த்தோவிடம் வந்தது. தன் பெயரும் அந்திரேயா என்பதால், பழைய அந்திரேயாவின் பட்டப்பெயர் தனக்கும் வந்துவிடுமோ என்று அவருக்கு அச்சம். சீடன் ஒருவன் வரைவதாக வெளியில் சொல்லிவிட்டு, சுவருக்கு முன்னால் தட்டி கட்டி மறைத்து, இரவில் உள்ளே போய் இரவிலேயே வெளியேறி வேலையை முடித்தார் என்கிறார் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி. துரோகியின் படத்தைத் தீட்டுகிறவன் மேலும் இழிவு ஒட்டும் என்ற நிலை! அந்தச் சுவரும் இன்று இல்லை. ஆனால் அதற்காக அவர் செய்துபார்த்த சிவப்புச் சுண்ணக்கட்டிச் சித்திரங்கள் ஃபிளாரன்ஸின் உஃபீட்சி காட்சியகத்தில் இருக்கின்றன. தலைகீழ் உடல்கள். சட்டை சரிகிறது, கட்டாத கால் தன் எடையில் மடங்கி விழுகிறது. அந்த மடங்கிய காலில்தான் பிற்கால மறைஞானிகள் சிலுவையையும் முக்கோணத்தையும் கண்டார்கள். எலிஃபாஸ் லேவி 1850களில் அதை ரசவாதத்தின் இறுதி வெற்றிக்கு அடையாளமாக்கினார். ஒற்றைக் காலில் கட்டினால் மற்றக் கால் எங்காவது மடங்கித்தானே ஆக வேண்டும்?

இந்த இடத்தில் ஒரு தேதி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. டாரட்டின் மூதாதையான வெற்றிச் சீட்டுக்கட்டைப் பற்றி இதுவரை தெரியவந்துள்ள மிகப் பழைய எழுத்துப் பதிவு ஒரு நாட்குறிப்பில் இருக்கிறது. எழுதியவர் ஜூஸ்தோ ஜூஸ்தி என்ற பத்திர எழுத்தாளர். ரிமினியை ஆண்ட சிகிஸ்மோந்தோ மலத்தெஸ்தாவுக்கு அவருடைய குலச்சின்னம் பொறித்த, ஃபிளாரன்ஸில் செய்த, அழகிய கட்டு ஒன்றைக் கொடுத்ததாகவும் அதற்கு நாலரை துக்காத் செலவானதாகவும் குறித்திருக்கிறார். தேதி: 1440 செப்டம்பர் 16. ஜூஸ்தியின் சொந்த ஊர் ஆங்கியாரி. கஸ்தான்யோவுக்கு அந்தச் சுவர் வேலையைத் தந்த போர் நடந்த அதே ஊர், அதே ஆண்டு. அந்தக் கட்டில் பன்னிரண்டாம் சீட்டு இருந்ததா என்று நாட்குறிப்பு சொல்லவில்லை, அதனால் இதை நிரூபணமாக நான் வைக்க மாட்டேன். ஆனால் ஃபிளாரன்ஸ் பட்டறையில் உட்கார்ந்து சீட்டுக்கு வண்ணம் தீட்டியவன், வெளியே வந்தால் அந்தச் சுவரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

மிலான் தடம் இன்னும் விசித்திரமானது. நமக்குக் கிடைத்துள்ள பழங்கட்டுகளில் முழுமைக்கு மிக அருகில் இருப்பது, 1450களில் மிலான் பிரபு ஃபிரான்செஸ்கோ ஸ்போர்சாவின் குடும்பத்துக்காக பொனிஃபாச்சோ பெம்போ பட்டறையில் செய்ததாகக் கருதப்படும் கட்டு. எழுபத்துநான்கு சீட்டுகள் எஞ்சியிருக்கின்றன. முப்பத்தைந்து நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், மற்றவை இத்தாலியின் பெர்கமோ நகரில். தொங்குபவன் நியூயார்க்கில் இருக்கிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொன் தகட்டில் பொறித்த கோலம் போன்ற பின்னணி, இரண்டு கம்பங்களும் மேலே ஒரு குறுக்குக் கட்டையும், இடது காலில் கயிறு. இலை இல்லை, ஒளிவட்டம் இல்லை. எண்ணும் பெயரும் இல்லை. காசுப்பையும் இல்லை, கைகள் பின்னால் இருக்கின்றன. முகம் மட்டும் சாந்தமாக இருக்கிறது.

அந்த முகத்தை வைத்துக்கொண்டு பலர் பழைய ஞானக் கதையைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அதே கட்டின் மற்றச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அந்தப் பட்டறைக்கு இருந்தது பெரும்பாலும் ஒரே முகம். காதலர்கள், ராணிகள், ஏவலாட்கள் எல்லோரும் அதே சிறிய வாயோடும் அதே அரைத்தூக்கப் பார்வையோடும்தான் இருக்கிறார்கள். வெயிட் லயிப்பு என்று படித்த சாந்தத்தின் பின்னால் ஒரு பட்டறையின் கைப்பழக்கம் இருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டைப் பற்றி 1966இல் நூல் எழுதிய கெர்ட்ரூட் மோக்லி, நியூயார்க் பொது நூலகத்தில் பணியாற்றியவர். இந்த வழக்கின் மிகக் கூர்மையான துப்பறிவாளர் அவர்தான். அவர் எடுத்துக்காட்டிய செய்தி இது: ஃபிரான்செஸ்கோவின் தந்தை முத்சோ அத்தெந்தோலோ ஸ்போர்சா, கூலிப்படைத் தலைவர். 1412இல் போப்பின் ஊழியத்தை விட்டு அவருடைய எதிரியான நேப்பிள்ஸ் மன்னர் லதிஸ்லாவின் பக்கம் போனார். கோபம் கொண்ட போப் இருபத்துமூன்றாம் ஜான், ரோம் நகரத்துப் பாலங்களிலும் வாயில்களிலும் முத்சோவின் உருவத்தைத் தீட்டச் செய்தார். வலது காலில் கட்டித் தலைகீழாக. கையில் குடியானவனின் மண்வெட்டி. தான் கோத்தின்யோலா ஊர்ப் பட்டிக்காட்டான் என்றும், திருச்சபைக்குப் பன்னிரண்டு துரோகம் செய்தவன் என்றும் அவரே ஒப்புக்கொள்வது போன்ற வாசகம். (இந்த போப்பே பிறகு போலி என்று தள்ளப்பட்டு, 1958இல் வேறொருவர் அதே எண்ணைச் சூடிக்கொண்டார் என்பது தனிக்கதை.)

தன் அப்பாவை ஊர் முழுக்கத் தொங்கவிட்ட அதே கோலத்தை, மகன் பொன் தகட்டில் செய்து வீட்டில் ஏன் வைத்திருந்தார்? முத்சோவின் நினைவாகவே இந்தச் சீட்டு பிறந்தது என்று சிலர் தாவிவிடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். துரோகிச் சீட்டு வேறு நகரக் கட்டுகளிலும் இருக்கிறது, அங்கெல்லாம் ஸ்போர்சா குடும்பத்துக்கு என்ன வேலை? துருப்புச் சீட்டுகளின் வரிசை அதற்குள் ஊரறிந்ததாக ஆகியிருந்தால், அதிலிருந்து ஒன்றை உருவினால் ஆட்டமே கெட்டுவிடும். தவிர, கூலிப்படைத் தலைவர்களின் உலகில் ஒப்பந்தம் முடிந்ததும் பக்கம் மாறுவது தொழில். அவர்கள் வீட்டில் இந்தப் படம் வெட்கத்தைவிடச் சிரிப்பைத்தான் கிளப்பியிருக்கும் என்று படுகிறது. முத்சோவின் மகன்தான் 1450இல் மிலானுக்கே பிரபுவானார்.

16ஆம் நூற்றாண்டில் அவமான ஓவியங்கள் வழக்கொழிந்தன. அவற்றுள் ஒரு சுவர்கூட இன்று முழுதாக மிஞ்சவில்லை. சுவர் போனதும் சீட்டு தனியாக நின்றது. மலை தாண்டி பிரான்ஸுக்குப் போனபோது அந்தச் சுவர்களைப் பார்த்தறியாதவர்கள் கையில் கிடைத்தது. வியேவில் திருப்பினார், ஜெபெலின் விவேகம் என்றார், லேவி ரசவாதம் கண்டார், வெயிட் ஒளிவட்டம் வைத்தார். 1922இல் டி.எஸ். எலியட் தன் நெடுங்கவிதையில் இந்தச் சீட்டை இழுத்துவந்து, தனக்கு டாரட் சரியாகத் தெரியாது என்று அடிக்குறிப்பில் சொல்லிவிட்டே, மானிடவியலாளர் ஃப்ரேசரின் நூலில் வரும் பலிக்கடவுளோடு இணைத்துக்கொண்டார். இத்தனை பேரிலும் நேர்மையானவர் அவர்தான்.

இந்தச் சீட்டுகள் முதல் மூன்று நூற்றாண்டுகள் ஆட்டத்துக்கே பயன்பட்டன என்பதை ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மெட் 1980இல் பெரிய நூலொன்றில் நிறுவினார். இன்றும் சிசிலியில் சில ஊர்களில் டாரட் ஆடுகிறார்கள். அந்தக் கட்டில் மனிதன் மரத்தில், கழுத்தில் சுருக்கோடு தொங்குகிறான். ஆடுகிறவர்களுக்கு அது எந்தச் சீட்டை வெட்டும், எதனிடம் தோற்கும் என்பது போதும்.

கடைசியாகக் கிடைத்த ஒரு தாள், குறி சொல்பவர்களைப் பற்றி நான் இதுவரை சொன்னதைக் கொஞ்சம் திருத்துகிறது. ஃபிராங்கோ பிராத்தேசி என்ற இத்தாலிய ஆய்வாளர் பொலோன்யா பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்து வெளியிட்ட 18ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தாள் அது. 1750க்கு முந்தையது என்று கணிக்கிறார்கள். அதாவது ஜெபெலினுக்கும் எகிப்துக்கும் முன்னால். முப்பத்தைந்து சீட்டுகளுக்கு, குறி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கும் கட்டைப் போல ஒன்றிரண்டு சொற்களில் பலன் போட்டிருக்கிறது. தத்துவம் எதுவும் இல்லை. நம் ஆளுக்கு நேரே எழுதியிருக்கும் பலன் ஒரே சொல்: துரோகம்.